அறுவடையின் கடமை நெல்லோடு முடிவதில்லை

தாம்பரம், பல்லாவரம், குரோம்பேட்டை எனக் குடியேறிவிட்ட நம் குடும்பங்களில் பலவற்றுக்குச் சொந்த ஊரில் இன்றும் நிலம் உண்டு. குத்தகை வந்ததா, உஷ்ர் கொடுத்தாயிற்றா என்று கவனிக்கிறோம். வானம் பார்த்த பயிரில் பத்தில் ஒன்று, இறைத்துப் பாய்ச்சியதில் இருபதில் ஒன்று என்ற கணக்கையும் அறிவோம். ஆனால் அறுவடைக்குப்பின் அந்நிலத்தில் மூட்டப்படும் தீயைப் பற்றி நாம் விசாரிப்பதில்லை.

அறுவடை நாளில் அதற்குரிய பங்கைக் கொடுக்கப் பணிக்கும் இறைவசனமே (6:141) வீண்விரயத்தையும் தடுக்கிறது. முதற்கட்டளையை நெல்லுக்குப் பொருத்தும் நாம், இரண்டாவதைக் கழிவுக்குப் பொருத்த வேண்டாமா?

பயிர்க்கழிவை எரித்தால் அதன் தழைச்சத்தில் பெரும்பகுதி காற்றோடு போகிறது. மேல்மண்ணின் நுண்ணுயிர்கள் மடிகின்றன. புகை அண்டை வீட்டாரின் மூச்சில் கலக்கிறது. 2022 ஏப்ரலில் பெருங்குடி குப்பைக் கிடங்கு நாட்கணக்கில் புகைந்ததைக் கண்ட நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மாற்றுவழி, பயோசார் எனப்படும் உயிர்க்கரி. வாயகன்ற கூம்புக் குழியில் காய்ந்த கழிவை மேலிருந்து பற்றவைத்து, வெண்சாம்பல் படரும்போதெல்லாம் அடுத்த அடுக்கை இட்டு, இறுதியில் நீரூற்றி அணைக்க வேண்டும். மேலெழும் சுடர் புகையின் பெரும்பகுதியை எரித்துவிடும். அடியில் காற்றுப் புகாததால் கழிவு சாம்பலாகாமல் கரியாகும். அதன் நுண்துளைகள் நீரையும் சத்தையும் பிடித்துவைக்கும். அமேசான் பகுதியில் பழங்குடியினர் கரி சேர்த்து உருவாக்கிய கருமண், பல நூற்றாண்டுகள் கடந்தும் வளம் குன்றாதிருக்கிறது.

இதற்கும் வரம்புகள் உண்டு. வைக்கோல் மாட்டுக்கு உரியது. வயலில் நிற்கும் தாளை மடக்கி உழலாம். மாடு தின்னாத பருத்திமார், தென்னை மட்டை போன்றவையே கரிக்கு ஏற்றவை. புதுக்கரி தழைச்சத்தை ஈர்த்துக்கொள்ளும் என்பதால், தொழுவுரத்துடன் கலந்து சில வாரங்கள் வைத்திருந்தே இட வேண்டும். களர் நிலத்தில் மண் பரிசோதனையின்றி இடலாகாது. காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையம் நமக்கு அருகிலேயே உள்ளது. ஐயங்களை அங்கே கேட்டறியலாம்.

கழிவைத் திரட்ட ஆளும் கூலியும் வேண்டும். அடுத்த நடவுக்கு நாள் நெருங்கும்போது தீக்குச்சியே மலிவான வழியாகக் குத்தகைதாரருக்குத் தெரிகிறது. "எரிக்காதீர்கள்" என்று தொலைபேசியில் சொல்லிவிட்டு ஒதுங்குவது நீதியன்று. நிலம் நம்முடையதெனில் கூலியிலும் நமக்குப் பங்குண்டு. ஒரே ஊரைச் சேர்ந்த குடும்பங்கள் ஒன்றுகூடினால் அச்சுமை பெரிதாகாது.

ஒருவர் பயிரிட்டதிலிருந்து மனிதரோ பறவையோ உண்டால் அது அவருக்குத் தர்மமாகும் என நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். அந்த நன்மை தொடர வேண்டுமெனில், அமானிதமான மண் உயிரோடிருக்க வேண்டும். வல்ல அல்லாஹ் அதற்கு அருள்புரிவானாக!