பார்த்துக்கொள்ளச் சொல்கிறோம், விளையாடச் சொல்வதில்லை

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் வயதானவர்களும் சின்னப் பிள்ளைகளும் இருப்பவர்கள் பொறுமையாக வாசியுங்கள்.

"உம்மா, புள்ளையக் கொஞ்சம் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுத்தான் எங்களில் பலர் காலையில் வீட்டை விட்டு இறங்குகிறோம். பார்த்துக்கொள்வது என்றால் என்ன? பிள்ளை விழக்கூடாது, கிணற்றடிக்குப் போகக்கூடாது, ரோட்டுக்கு ஓடக்கூடாது, பசியோடு இருக்கக்கூடாது. முழங்கால் வலியும் சீனி வருத்தமும் உள்ள ஒருவருக்கு ஓடுகிற பிள்ளையின் பின்னால் ஓட ஏலாது. ஆகவே கையில் போனைக் கொடுத்து ஒரு மூலையில் இருத்திவிடுகிறார். அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? நாங்கள் கேட்டது காவல், அதை அவர் சரியாகவே செய்கிறார். பிள்ளையோடு விளையாடுங்கள் என்று நாங்கள் கேட்கவேயில்லை.

எங்கள் பகுதியில் இது சின்ன விஷயமல்ல. உம்மா வெளிநாட்டில் இருக்க, மூத்தம்மாவின் மடியில் வளரும் பிள்ளைகள் எங்கள் வகுப்புகளில் இருக்கிறார்கள். 2013இல் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகும் பெண்களிடம் குடும்பப் பின்னணி அறிக்கை கேட்கத் தொடங்கினார்கள். பிள்ளைகளை யார் பராமரிப்பார் என்று அதில் காட்ட வேண்டியிருந்தது. எத்தனையோ வீடுகளில் அந்த இடத்தில் எழுதப்பட்டது ஒரு மூத்தம்மாவின் பெயர். 2012 குடிசன மதிப்பீட்டிலேயே நாட்டின் சனத்தொகையில் 12.4 சதவீதம் பேர் 60 வயதைத் தாண்டியவர்கள். அந்தத் தொகை கூடிக்கொண்டே போகிறது. இத்தனை பேரையும் வெறும் காவலாளிகளாக வைத்திருக்கிறோம்.

தரம் ஒன்றில் படிப்பிக்கும் எவரிடமும் கேட்டுப் பாருங்கள். பென்சில் பிடிக்க விரலில் பலமில்லை, தன் முறை வரும்வரை பொறுக்க முடியவில்லை, நடந்ததை முதலிலிருந்து கோவையாகச் சொல்ல வரவில்லை என்பார்கள். இந்த மூன்றும் பாடப்புத்தகத்துக்கு முன்பு விளையாட்டில் வர வேண்டியவை. இன்று பெரியவர் கைபிடித்தால் செய்ய முடிவதை நாளை பிள்ளை தனியாகச் செய்யும் என்ற வைகொட்ஸ்கியின் கருத்தை ஆசிரியர் கலாசாலையில் பரீட்சைக்காகப் பாடமாக்கினோம். அந்தப் பெரியவர் எங்கள் வீட்டு விறாந்தையில் சாய்கதிரையில் இருக்கிறார்.

இருந்த இடத்தில் விளையாட எங்களிடம் என்ன இல்லை? பெயரிலேயே புளியைக் கொண்ட ஊர் எங்களுடையது. புளியங்கொட்டை எழுபது எடுங்கள். முற்றத்து மணலில் பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழி, குழிக்கு ஐந்து கொட்டை. ஒரு குழியை அள்ளி அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டு, முடிந்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடர வேண்டும். அடுத்தது வெறுங்குழியானால் அதற்கடுத்த குழியில் இருப்பது உங்களுக்கு. குனிய முடியாதவருக்கு மேசையில் இரண்டு முட்டை மட்டையை வைத்தால் போதும். இதே பல்லாங்குழியைத்தான் சிங்கள மக்கள் ஒலிந்த கெளிய என்றும் மலாய் மக்கள் சொங்காக் என்றும் ஆடுகிறார்கள். கண் மங்கிய மூத்தம்மாவுக்குப் பிள்ளை எண்ணிச் சொல்லட்டும். மூத்தாப்பா ஆறுதலாக யோசிக்கும் நேரத்தில் பிள்ளை பொறுமையைப் படித்துக்கொள்ளும்.

கொக்கான் வெட்ட ஐந்து கல். தென்னோலையில் பாம்பு, கிளி, கை மணிக்கூடு. பன்பாய் இழைத்துப் பழகிய விரல்களுக்கு இதெல்லாம் பெரிய வேலையா? படுக்கையில் இருப்பவருக்கு நொடி இருக்கிறது. பழையது ஞாபகமில்லாவிட்டால் புதிதாகக் கட்டலாம். "கால் தண்ணிக்குள்ள, முதுகு மேல வாகனம், அது என்ன?" கல்லடிப் பாலம்! நாலு நாளில் பிள்ளையே நொடி போடத் தொடங்கிவிடும்.

இன்னொன்று, பெரியவர் சொல்லச் சொல்லப் பிள்ளை படம் வரைவது. 1978 நவம்பர் 23ஆம் திகதி சூறாவளி மட்டக்களப்பை அடித்துப் போட்டபோது இன்றைய மூத்தம்மாக்கள் பலர் பள்ளிக்கூடப் பிள்ளைகள். வீடு எங்கே இருந்தது, எந்த மரம் விழுந்தது, இரவை எங்கே கழித்தார்கள் என்று கேட்டு வரையட்டும். யுத்தத்தையும் சுனாமியையும் அவர்களாகச் சொன்னால் கேளுங்கள், துருவ வேண்டாம்.

ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்காக உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஒரு வழிகாட்டல் வெளியிட்டது. இரண்டு முதல் நான்கு வயதுப் பிள்ளைகள் உட்கார்ந்து திரை பார்ப்பது நாளுக்கு ஒரு மணித்தியாலத்தைத் தாண்டக்கூடாது, குறைவென்றால் இன்னும் நல்லது. உட்கார்ந்திருக்கும் நேரத்தில் பராமரிப்பவரோடு கதையும் வாசிப்பும் நடக்கட்டும் என்கிறது. அதே வழிகாட்டல் மூன்று, நான்கு வயதுப் பிள்ளை நாளுக்கு மூன்று மணித்தியாலமாவது உடலை அசைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அந்த ஓட்டமும் பாய்ச்சலும் எங்கள் பொறுப்பு. அதையும் மூத்தம்மாவின் தலையில் கட்டக்கூடாது.

சில விஷயங்களைக் கவனியுங்கள். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குக் கொட்டையும் கல்லும் வேண்டாம், வாயில் போட்டுவிடும். குன்றிமணி பார்க்க அழகு, ஆனால் விஷ விதை, அதை எந்த வயதிலும் தவிருங்கள். பெரியவருக்குக் களைத்தால் விளையாட்டு அத்தோடு முடியட்டும். அவர் சம்பளமில்லாத ஆயா இல்லை, விருப்பத்தைக் கேட்டுத்தான் அழைக்க வேண்டும். சமையலையும் உடுப்புக் கழுவுவதையும் அவரிடமே விட்டுவிட்டு விளையாடவும் சொன்னால் அது இன்னொரு வேலைதான்.

சின்னப் பிள்ளையோடு விளையாடுவதை மரியாதைக் குறைவாக நினைக்கும் மூத்தாப்பாக்களுக்கும் ஒரு வார்த்தை. ஸுஜூதில் இருக்கும்போது பேரப்பிள்ளை முதுகில் ஏறிக்கொள்ள, அது இறங்கும்வரை அவசரப்படாமல் ஸுஜூதை நீட்டிய நபி (ஸல்) அவர்களின் செய்தியை நாங்கள் எத்தனை தடவை கேட்டிருப்போம்! ஓடவில்லை, தூக்கவில்லை. பிள்ளைக்காக அசையாமல் இருந்தார்கள்.

இந்த வெள்ளிக்கிழமை அசருக்குப் பிறகு மஃரிபுக்கு முன் அரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். போன்களை அலுமாரிக்குள் வையுங்கள், உங்களுடையதையும் சேர்த்துத்தான். புளியங்கொட்டையைக் கழுவிக் காயவைத்துக் கொடுத்துவிட்டு, "உம்மா, நீங்க சின்னதுல எப்படி விளையாடின?" என்று மட்டும் கேளுங்கள். பிறகு இடையில் புகுந்து திருத்தப் போகாதீர்கள். களவாட்டம் ஆடினாலும் அவர்கள் இருவரும் சண்டை பிடித்துத் தீர்த்துக்கொள்வார்கள்.