தை மாதத்துச் சதி

தாய்லாந்திலே 1932 ஆம் ஆண்டு தொட்டு, பத்துக்கு மேற்பட்ட தடவை படைவீரர் ஆட்சியைக் கவிழ்த்திருக்கின்றனர். பிபுனை 1957 இல் வீழ்த்திய சரித், மறு ஆண்டே அரசியல் யாப்பையும் நீக்கிவிட்டார். 2014 இலும் அதே கதைதான். இவற்றைப் படிக்கும் நம் மாணவர், இலங்கை இப்பிணி தீண்டாத நாடு என எண்ணுவர். 1962 ஜனவரி 27 ஆம் நாளிரவைப் பாடநூல்கள் அவர்களுக்கு விரித்துரைப்பதில்லை.

அன்றிரவு அமைச்சர்களைச் சிறைப்பிடித்து, சிறிமாவோ பண்டாரநாயக்காவின் ஆட்சியை அகற்றத் திட்டமிட்டோர் கேணல் எஃப். சி. டி சேரம், கேணல் மொறிஸ் டி மெல், பிரதிப் பொலிஸ் மா அதிபர் சி. சி. திசாநாயக்கா முதலியோர். உடன்பட மறுத்த பொலிஸ் அத்தியட்சகர் ஸ்ரான்லி சேனநாயக்காவிடமிருந்து செய்தி அவர் மாமனார் பி. டி. எஸ். குலரத்தினாவுக்கு எட்டியது. மாமனாரோ ஆனந்தாக் கல்லூரியின் முன்னாள் அதிபர். ஓர் ஆசிரியர் வாயிலாக அரசு பிழைத்தது எனலாம்!

நாம் சிந்திக்க வேண்டியது அதன் பின் நிகழ்ந்ததையே. குற்றம் நிகழ்ந்த பின்னர், அதனைத் தண்டிப்பதற்கென்றே முன்தேதியிட்டு ஒரு சட்டம் இயற்றினர். நீதிபதிகளைத் தெரியும் உரிமையை அமைச்சருக்கே அளித்தனர். முதலிரு நீதிமன்றங்களும் கலைந்தன. மூன்றாவது மன்றம் இருபத்து நால்வருள் பதினொருவருக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தது. 1965 டிசம்பரில் இலண்டன் கோமறைக் கழகம் அத்தீர்ப்பைத் தள்ளியது. குறித்த சில மனிதரைத் தண்டிக்கவென்று சட்டம் செய்வது நீதித்துறையின் அதிகாரத்தைப் பறிப்பதாகும் என்பது அதன் முடிபு. சதிகாரர்பால் நமக்கு எள்ளளவும் இரக்கமில்லை. எனினும் அம்முடிபு சரியானதே.

இன்னொன்று. சதிக்கு ஒன்பது மாதம் முன்னர், 1961 ஏப்ரிலில், யாழ்ப்பாணக் கச்சேரி வாயிலில் அமர்ந்திருந்த சத்தியாக்கிரகிகளை அகற்ற இராணுவம் வந்தது. அவசரகாலச் சட்டம், ஊரடங்கு, தலைவர்களுக்குப் பனாகொடையிலே தடுப்புக்காவல். எவரும் ஆட்சியைக் கவிழ்க்கவில்லை. எல்லாம் சட்டப்படியே நடந்தன. தலைநகரிற் படை நுழைந்தால் அது சதி, வடக்கே நுழைந்தால் நிருவாகமோ? பலாலித் தளத்துக்கு அணித்தாய் வாழும் அளவெட்டியாருக்கு இவ்வினா புதிதன்று.

கோமறைக் கழகத்துக்கு மேன்முறையிடும் உரிமை 1971 இல் ஒழிந்தது. லியனகே வழக்கென வழங்கும் அத்தீர்ப்பு சட்ட மாணவருக்கு மட்டும் உரியதாயிருத்தல் தகாது. அளவெட்டி ஆசிரியர்கள் அதனைத் தமிழாக்கி உயர்வகுப்பு மாணவர் கையிற் கொடுக்க முன்வருவார்களாயின், அம்மொழிபெயர்ப்புக்கு இப்பகுதியில் இடந்தரச் சித்தமாயிருக்கிறோம்.