நாணயம்

பி.எஸ்ஸி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு

ஜப்பான் நாட்டைப் புகழ வருகிறவர்கள் தவறாமல் எடுத்துக்காட்டும் பொருள் ஒன்று உண்டு. தெருமுனையிலும், இரயில் நிலைய நடைமேடையிலும், வயலை ஒட்டிய சாலையோரத்திலும் ஆளில்லாமல் தன்னந்தனியே நின்று காப்பியும் தேநீரும் விற்கும் தானியங்கி எந்திரமே அது. "இரவெல்லாம் வயிறு நிறையக் காசோடு தெருவில் நிற்கிறது, தொடுவார் இல்லை. எவ்வளவு நாணயமான மக்கள்!" என்று வியந்து முடிப்பார்கள். விடுதியில் நண்பர் ஒருவர் இதைச் சொன்னபோது நானும் தலையாட்டினேன். பிறகு அந்த எந்திரத்தைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். தலையாட்டியதில் அவசரப்பட்டுவிட்டேன் என்றே இப்போது தோன்றுகிறது.

நாணயம் என்ற சொல்லுக்குத் தமிழில் இரு பொருள். கையில் புழங்கும் காசு ஒன்று. மனத்தில் இருக்க வேண்டிய நேர்மை மற்றொன்று. எந்திரத்துக்குத் தெரிந்தது முதற்பொருள் மட்டுமே. உள்ளே விழும் காசு கம்பிச் சுருள்களைக் கடந்து உருளும்போது காந்தப்புலத்தில் ஏற்படும் மாறுதலைக் கொண்டு, அதன் உலோகம், விட்டம், தடிப்பு ஆகியவற்றைக் கணநேரத்தில் சோதித்துவிடுகிறது. நம்பியா விற்கிறது? வருகிற ஒவ்வொருவரையும் கள்ளக்காசுக்காரராகவே எண்ணிச் சோதித்த பிறகுதான் டப்பாவைத் தள்ளுகிறது.

அந்தச் சோதனையும் ஒருமுறை தோற்றது. 1982 ஆம் ஆண்டில் ஜப்பான் 500 யென் நாணயத்தை வெளியிட்டது. கொரியாவின் 500 வோன் நாணயமும் அதே செம்பு-நிக்கல் கலவை. விட்டமும் அதே 26.5 மில்லிமீட்டர். எடையில் மட்டுமே வேறுபாடு: யென் 7.2 கிராம், வோன் 7.7 கிராம். மதிப்பிலோ வோன் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. எஞ்சிய அரைக் கிராமைத் துளையிட்டும் சுரண்டியும் எடுத்துவிட்டு எந்திரத்தில் போட்டார்கள். பொருளைக்கூட வாங்குவதில்லை, காசைத் திரும்பப் பெறும் பிடியை அழுத்தி, உள்ளே இருந்த நல்ல 500 யென்னை எடுத்துக்கொண்டு போனார்கள்! 1990களின் இறுதியில் இது பெருந்தொல்லையாகி, 2000 ஆம் ஆண்டில் அரசே நாணயத்தின் உலோகக் கலவையை மாற்ற நேர்ந்தது. 2021 இல் இரு நிறத்தில் மீண்டும் ஒரு புது நாணயம் வந்தது. நாணயமான மக்களுக்காகவா ஒரு நாட்டு அரசு இத்தனை முறை நாணயத்தை மாற்றும்?

ஜப்பானியரைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. அந்நாட்டுத் தெருக்களில் குற்றம் குறைவு என்பது உண்மை. அது இல்லாவிட்டால் எந்திரம் வெளியில் நின்றிருக்கவே முடியாது. ஆனால் அது ஒன்றே காரணம் என்பதைத்தான் நான் ஏற்கவில்லை. 1967 இல் 100 யென் நாணயம் வெள்ளியிலிருந்து செம்பு-நிக்கலுக்கு மாறி, எல்லார் கையிலும் தாராளமாகப் புழங்கியது. கூலி ஏறிக்கொண்டிருந்தது, கடைக்கு ஆள் வைப்பது கட்டுப்படியாகவில்லை, நிலத்தின் விலையோ சொல்லவே வேண்டாம். எந்திரம் நிற்க ஒரு பீரோ நிற்கும் இடம் போதும். 2000 ஆம் ஆண்டளவில் இவ்வகை எந்திரங்கள் 56 இலட்சத்தை எட்டின. இன்று 40 இலட்சம் அளவுக்குக் குறைந்துவிட்டன.

'ஆளில்லாத விற்பனை' என்கிறார்களே, அதுவும் முழு உண்மையன்று. அரை லிட்டர் பாட்டில் 24 அடங்கிய பெட்டி ஒன்று 12 கிலோவுக்கு மேல் எடையுள்ளது. அத்தகைய பெட்டிகளை லாரியில் ஏற்றி வந்து, தெருத்தெருவாக இறக்கி, எந்திரத்தை நிரப்பி, காசை எடுத்து, அருகிலுள்ள காலி டப்பாக்களையும் வாரிக்கொண்டு போக ஒருவர் வருகிறார். தாகம் மிகுந்த கோடையில்தான் அவருக்கு வேலையும் மிகுதி. சுமை தூக்கிப் பிழைக்கும் வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்தவன் ஆகையால், கைப்பேசியில் அந்தக் காட்சியைப் பார்த்தபோது என் கண் எந்திரத்தைவிட்டு அவர் முதுகுக்குத்தான் போயிற்று. எந்திரம் குறைந்து வருவதற்கு இந்த வேலைக்கு ஆள் கிடைக்காததும் ஒரு காரணம்.

அப்படியானால் வியப்பதற்கு அதில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது, நம்மவர் வியக்கும் இடத்தில் இல்லை. 2010 இல் தோக்கியோவின் சினாகவா இரயில் நிலையத்தில் 47 அங்குலத் தொடுதிரையோடு ஓர் எந்திரம் வைத்தார்கள். எதிரே நிற்பவர் ஆணா பெண்ணா, வயது என்ன என்பதைக் கேமராவால் ஊகித்து, இன்ன பானம் குடிக்கலாம் என்று பரிந்துரைக்கும். உலகமே அதைக் கொண்டாடியது. தனக்கு என்ன வேண்டும் என்று தாகம் எடுத்தவனுக்குத் தெரியாதா? கடைக்காரர் நம் முகத்தைப் பார்த்தால் நாமும் அவர் முகத்தைப் பார்க்கலாம். கேமராவிடம் அது நடவாது.

நான் வியப்பது பின்பக்கத்தை. குளிர்காலத்தில் ஒரே எந்திரம் சில டப்பாக்களைச் சுமார் 5 பாகையில் குளிராகவும், சிலவற்றைச் சுமார் 55 பாகையில் சூடாகவும் வைத்திருக்கிறது. முன்பெல்லாம் குளிர் அறையிலிருந்து எடுத்த வெப்பத்தை வெளியே வீசிவிட்டு, சூடான அறைக்குத் தனியாக மின்சாரம் செலவழித்தார்கள். வெப்ப எக்கி வந்தபின், அங்கே வேண்டாத வெப்பமே இங்கே வேண்டிய வெப்பமாயிற்று. வகுப்பில் வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதியைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்த எனக்கு, அது ஒரு தெருமுனையில் நின்று உழைப்பதை அறிந்தபோது உண்டான மகிழ்ச்சி பெரிது. 2011 நிலநடுக்கத்துக்குப் பின் மின்பற்றாக்குறை வந்தபோது, இந்த எந்திரங்கள் வீண் செலவு என்று தோக்கியோ ஆளுநர் இசிஹாராவே கண்டித்தார். 2013 இல், இரவிலேயே நன்கு குளிரூட்டிக்கொண்டு பகலில் 16 மணி நேரம் வரை குளிரூட்டாமலே சமாளிக்கும் எந்திரம் வந்தது. பேரிடர் நேர்ந்தால் காசு கேளாமல் பானம் வழங்கும் வகையும் உண்டு. கேமரா வைத்த மூளையைவிட இதற்கெல்லாம் உழைத்த மூளைகளுக்கே என் வணக்கம்.

மக்களின் நாணயத்தைக் காட்டவேண்டும் என்றால் அதே ஜப்பானில் வேறொன்று இருக்கிறது. நாட்டுப்புறச் சாலையோரங்களில் உழவர்கள் ஒரு பலகைத் தட்டில் முள்ளங்கியும் வெங்காயத்தாளும் அடுக்கி, பக்கத்தில் ஓர் உண்டியலை வைத்துவிட்டு வயலுக்குப் போய்விடுகிறார்கள். 100 யென் போட்டாயா என்று கேட்க அங்கே சுருளும் இல்லை, கேமராவும் இல்லை. அங்கும் திருட்டு நடக்காமல் இல்லை. அதனால் சில இடங்களில் பலகைத் தட்டு போய், காசு போட்டால் மட்டுமே கதவு திறக்கும் இரும்புப் பெட்டிகள் வந்துவிட்டன. மற்ற இடங்களில் முள்ளங்கி இன்னும் திறந்தவெளியில்தான் இருக்கிறது.