'என் லேப்டாப்ல ஓடுது' – இது ஒரு டெஸ்ட் ரிசல்ட்டா?

ப்ராஜெக்ட் ரிவ்யூவில் நாம எல்லாரும் சொல்ற வசனம்: "மேம், என் லேப்டாப்ல ஓடுது." லேபில் அது போதும், மார்க் வந்துடும். ஆனா கோடை ஓப்பன் சோர்ஸாக வெளியிட்டு, "யார் வேணா எடுத்துக்கோங்க"ன்னு சொன்ன பிறகு அந்த வசனம் செல்லாது. எடுத்துக்கிறவர் கையில் இருப்பது உங்க லேப்டாப் இல்லையே!

நம்மில் பெரும்பாலானோர் லேப்டாப் எக்ஸ்86. பாக்கெட்டில் இருக்கும் மொபைலும் லேபில் இருக்கும் ராஸ்பெர்ரி பையும் ஆர்ம். ஐபிஎம் மெயின்ஃப்ரேம் எஸ்390எக்ஸ். ஐஐடி மெட்ராஸில் உருவான சக்தி ப்ராசஸர் ரிஸ்க்-ஃபைவ். "சி-யில் எழுதிட்டா மீதியை கம்பைலர் பார்த்துக்கும்" என்பது பாதிதான் உண்மை.

தமிழிலிருந்தே ஒரு உதாரணம். யூடிஎஃப்-8இல் 'அ' என்ற எழுத்து மூணு பைட்: 224, 174, 133. எக்ஸ்86 லினக்ஸில் 'கேர்' டைப் -128 முதல் 127 வரைதான். அதனால் 224 அங்கே -32 ஆகிடும். "பைட் பூஜ்யத்துக்குக் கீழே இருந்தா அது ஆங்கில எழுத்து இல்லை"ன்னு ஒரு கண்டிஷன் எழுதினா உங்க லேப்டாப்பில் சரியா ஓடும். அதே கோடை ராஸ்பெர்ரி பை லினக்ஸில் கம்பைல் பண்ணுங்க. அங்கே 'கேர்' 0 முதல் 255 வரை. 224 என்பது 224ஆகவே இருக்கும். கண்டிஷன் ஒருநாளும் உண்மை ஆகாது. எரர் இல்லை, க்ராஷ் இல்லை. ப்ரோக்ராம் கண்ணுக்குத் தமிழ் தெரியாம போயிடும், அவ்வளவுதான்.

இதில் எந்த ப்ராசஸர் மேலயும் தப்பில்லை. இந்த முடிவை சி ஸ்டாண்டர்டே கம்பைலரிடம் விட்டிருக்கு. தப்பு நம்ம கோடில். லேப்டாப் அதை மறைச்சு வெச்சிருந்தது.

"மெயின்ஃப்ரேம்ல என் கோடை யாருங்க ஓட்டப்போறா?"ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்விதான். ஆனா எஸ்390எக்ஸில் பைட் வரிசை தலைகீழ். எக்ஸ்86இல் ஃபைலில் அப்படியே எழுதிய 4 பைட் '1'-ஐ அங்கே அப்படியே படிச்சா 1,67,77,216ன்னு வரும். அங்கே டெஸ்ட் பண்றது அந்த மெஷினுக்காக மட்டும் இல்லை. ஃபைல் ஃபார்மட்டை நீங்க ஒழுங்கா வரையறுத்தீங்களான்னு தெரிஞ்சுக்கவும்தான். டெபியன் தன் பேக்கேஜ்களைப் பல ஆர்க்கிடெக்சரில் பில்டு பண்ணிப் பார்க்குது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இல் ரிஸ்க்-ஃபைவும் அதிகாரப்பூர்வமா சேர்ந்திருக்கு. சிப்பை நாமே வடிவமைச்சா மட்டும் போதாது, அதன் மேல் மென்பொருள் ஓடணும். அந்த வேலை யாரோ ஒருத்தர் பில்டு பண்ணி, ஃபெயில் ஆனதைப் பார்த்து, சரிபண்ணினால்தான் நடக்கும்.

காசு வேணாம். க்யூஎமுவும் ஒரு கிராஸ் கம்பைலரும் இன்ஸ்டால் பண்ணினா, உங்க லேப்டாப்பிலேயே ஆர்ம், ரிஸ்க்-ஃபைவ், எஸ்390எக்ஸ் பைனரிகளை ஓட்டலாம். மெதுவாதான் ஓடும். இன்னொரு குறையும் உண்டு: மெமரி ஆர்டரிங் விஷயத்தில் எக்ஸ்86 கண்டிப்பானது, ஆர்ம் அவ்வளவு கண்டிப்பில்லை. அதனால் வரும் த்ரெட் பக் எமுலேட்டரில் சிக்காம தப்பிக்கலாம். அதுக்கு நிஜ ஹார்ட்வேர்தான் வேணும். லேப் அலமாரியில் தூங்கும் ராஸ்பெர்ரி பையை எழுப்புங்க.

ரீட்மீயில் ஒரு கமா திருத்தி "ஓப்பன் சோர்ஸ் கான்ட்ரிப்யூட்டர்"ன்னு ரெஸ்யூமேயில் போடுறது நம்ம கேம்பஸில் ஃபேஷன் ஆகிடுச்சு. அதைவிட, நீங்க தினமும் பயன்படுத்துற ஒரு சின்ன சி லைப்ரரியை எடுங்க. மூணு ஆர்க்கிடெக்சரில் பில்டு பண்ணி, அதன் டெஸ்டுகளை ஓட்டுங்க. எது ஃபெயில் ஆச்சு, எந்த வரியில், ஏன்னு தெளிவா ஒரு பக் ரிப்போர்ட் எழுதுங்க. எல்லாமே பாஸ் ஆனா அதையும் சொல்லுங்க. மெயின்டெய்னருக்கு அதுவும் தேவையான தகவல்தான். இன்டர்வியூவில் அதைப் பத்தி அரைமணி நேரம் பேசலாம். கமா பத்தி அரை நிமிஷம்கூட பேச முடியாது.