பிரேக் மிதிக்கும் இடங்கள்

நம் தேசிய நெடுஞ்சாலைகளில் ஓரிடத்தைக் 'கரும்புள்ளி' என்று அறிவிக்க ஒரு விதி உண்டு. ஏறத்தாழ 500 மீட்டர் நீளத்துக்குள், மூன்று ஆண்டுகளில், உயிரிழப்போ கொடுங்காயமோ நேர்ந்த 5 விபத்துகளாவது 10 உயிரிழப்புகளாவது நிகழ்ந்திருக்க வேண்டும். அதாவது, ஓரிடம் ஆபத்தானது என்று ஒப்புக்கொள்வதற்கே நாம் உயிர்களை விலையாகக் கொடுக்கிறோம். 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் இறந்தோர் 1,68,491 பேர்.

நான் இப்போது பணியாற்றும் நாக்பூரில், 2021ஆம் ஆண்டு மாநகராட்சியும் ஹைதராபாத் ஐஐஐடியும் பிறரும் இணைந்து 'ஐராஸ்தே' என்னும் திட்டத்தைத் தொடங்கினர். மாநகரப் பேருந்துகளில் கேமராக் கருவி பொருத்தப்பட்டது. முன்செல்லும் வண்டியை மிக நெருங்கினாலோ பாதசாரி குறுக்கிட்டாலோ கருவி ஓட்டுநரை எச்சரிக்கும். எச்சரித்த இடமும் பதிவாகும். மாணவர்களே, இங்குதான் நாம் சிந்திக்க வேண்டும். ஒரே ஓட்டுநர் பல இடங்களில் எச்சரிக்கப்பட்டால் அவருக்குப் பயிற்சி தேவை. பல ஓட்டுநர்கள் ஒரே இடத்தில் எச்சரிக்கப்பட்டால் பழுது பெரும்பாலும் சாலையில் இருக்கிறது. இத்தகைய இடங்களைச் 'சாம்பல் புள்ளிகள்' என்கின்றனர். அவை இன்னும் கருமையாகவில்லை; காப்பாற்றிவிடலாம்.

ஆனால், இதே தரவு தவறான கைகளில் சவுக்காகவும் மாறும். முன்பு நான் பணிபுரிந்த ஊரில், எங்கள் மாணவர்களை ஏற்றிவந்த வேனில் உரிமையாளர் ஒரு கருவியைப் பொருத்தினார். திடீர் பிரேக்குகளை எண்ணி ஓட்டுநரின் சம்பளத்தில் பிடித்தம் செய்தார். அவர் பிரேக் மிதித்ததோ பெரும்பாலும் ஒரே திருப்பத்தில். மதிலின் மறைவிலிருந்து குழந்தைகள் ஓடிவரும் இடம் அது. பிரேக்கில் கால் வைக்கும்போதெல்லாம் சம்பளம் நினைவுக்கு வருகிறது என்று அவர் ஒருநாள் இந்தியில் கூறினார். நான் திடுக்கிட்டேன். அந்த வேனில் அன்று பதினொரு குழந்தைகள் இருந்தனர்.

மிகைவேகத்திற்கு ஓட்டுநர் பொறுப்பேற்றே ஆகவேண்டும்; அதில் எனக்கு ஐயமில்லை. எனினும், தரவை முதலில் காணவேண்டியவர் சாலைப் பொறியாளர். அடுத்து ஓட்டுநர். தண்டிப்பவரின் முறை கடைசியிலேயே வரவேண்டும். பிரேக் மிதித்த எண்ணிக்கையைக் கொண்டு கூலியைக் குறைப்பதைச் சட்டமே தடுக்கவேண்டும் என்பது என் கருத்து.

அந்த வேனின் பதிவுகளை எவரேனும் ஊர் வரைபடத்தில் குறித்திருந்தால், அத்திருப்பம் தனித்துத் தெரிந்திருக்கும். மதிலின் மூலையைச் சற்றே இடித்து, ஒரு வேகத்தடை அமைத்திருந்தால் போதும். நான் மாற்றலாகி வரும்வரை மதில் அப்படியே நின்றது.