தேய்ப்பதற்கு முன் படியுங்கள்

உலகப் போர்க்காலத் துப்பாக்கி ஒன்று அருங்காட்சியகக் களஞ்சியத்துக்கு வந்து சேர்ந்தால் பதிவேட்டில் விழுவது பெரும்பாலும் ஒரே வரிதான்: பழைய ரைபிள், பிரித்தானியர் காலம், சில பாகங்கள் இல்லை. இந்தக் கடைசிச் சொற்கள்தான் நம்மை உறுத்துகின்றன. இல்லாத பாகமே சில வேளை அந்தத் துப்பாக்கியின் வரலாறு.

பிரித்தானியப் படையின் லீ-என்ஃபீல்ட் ரைபிளை எடுத்துக்கொள்வோம். 1907இல் ஏற்கப்பட்ட அதன் மூன்றாம் மார்க் வகையில், பத்துத் தோட்டா கொள்ளும் மகசினை மூடிவைக்க ஒரு தகடு இருந்தது. சிப்பாய் ஒவ்வொரு தோட்டாவாகப் போட்டுச் சுட வேண்டும், மகசினை அவசரத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அன்றைய போதனை. பதுங்குகுழிப் போர் அந்தப் போதனையைப் பொய்யாக்கியது. தொழிற்சாலைகளோ கேட்ட எண்ணிக்கையைக் கொடுக்க முடியாமல் திணறின. 1916இல் அந்தத் தகட்டையும் நெடுந்தூரக் குறிகாட்டியையும் விட்டுவிட்டார்கள். மார்க் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் ஏறியது. தகட்டுக்கென வெட்டிய பள்ளம் சில துப்பாக்கிகளில் வெறுமையாக அப்படியே இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, பாகம் தொலைந்துவிட்டது என்று எழுதுவது பிழை.

போல்ட்டின் கைப்பிடிக்குக் கீழே, வலப்பக்க இரும்பில் கிரீடம், அரசர் முத்திரை, தொழிற்சாலை, ஆண்டு, மார்க் எண் எல்லாம் பொறித்திருக்கும். அரசர் முத்திரையில் ஜி.ஆர். என்பதற்குப் பதில் ஜி.ஆர்.ஐ. என்றிருந்தால் அது வங்காளத்து இஷாப்பூரில் செய்யப்பட்டது. ஆழமில்லாத இந்த எழுத்துகளை ஒரு பிற்பகல் அரத்தாள் பிடித்தால் அழித்துவிடலாம்.

கண்டியில் இருப்பவர்களுக்கு இதில் கூடுதல் பொறுப்பு உண்டு. தோட்டத்துரைமாரின் ரைபிள் படை கண்டியைத் தலைமையிடமாகக் கொண்டிருந்தது. 1914இல் அதன் ஒரு பிரிவு எகிப்துக்குக் கப்பலேறி, அடுத்த ஆண்டு கலிப்போலி வரை போனது. 1944 ஏப்ரலில் நேச நாட்டுத் தளபதி மவுண்ட்பேட்டன் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகத்தைப் பேராதனைப் பூங்காவுக்குக் கொண்டுவந்தார். பர்மாக் காட்டுப் போரின் திட்டங்கள் மகாவலிக் கரையில் வரையப்பட்டன. காட்டுக்கெனக் குறுக்கப்பட்ட லீ-என்ஃபீல்டான ஐந்தாம் எண் ரைபிள் வந்ததும் அதே ஆண்டில்தான். ஏறத்தாழ ஒரு கிலோ எடை குறைந்தது. ஆனால் தோளில் உதை கூடியது, குறி நிலைக்கவில்லை என்ற முறைப்பாடும் எழுந்தது. சில ஆண்டுகளிலேயே உற்பத்தி நின்றுபோனது.

ஸ்டென் துணை இயந்திரத் துப்பாக்கியின் கரடுமுரடான வெல்டிங்கைப் பிற்காலப் பழுதுபார்ப்பு என்று எண்ணிவிடாதீர்கள். 1941இல் அது அப்படித்தான் பிறந்தது. அதன் ஒரு வகையைச் செய்தது பொம்மைத் தொழிற்சாலை. ஜப்பானிய அரிசாக்கா ரைபிளின் மேற்புறத்தில் செவ்வந்திப்பூ முத்திரை அராவப்பட்டிருந்தால் அதையும் சேதப் பட்டியலில் சேர்க்க வேண்டாம். சரணடைவின்போது பேரரசரின் சின்னத்தை நீக்கிய அடையாளம் அது.

இனி நம் ஈரப்பதம். இரண்டு பருவமழையும் தொடும் ஊர் கண்டி. வெளியே பளபளக்கும் துப்பாக்கியின் குழலடியில், மரம் இரும்பை அணைக்கும் இடத்தில் துரு உட்கார்ந்திருக்கும். பித்தளை அடித்தகட்டின் பின்னே பச்சைக் களிம்பு. கழற்றிப் பார்க்கத்தான் வேண்டும். முதல் வேலை, போல்ட்டைத் திறந்து அறையில் தோட்டா இல்லை என்று உறுதிசெய்வது. மூன்றாம் மார்க்கில் முன்கட்டையைக் கழற்றிய பிறகே பின்கட்டையின் திருகாணியில் கைவைக்க வேண்டும். அதன் சதுர முனை முன்கட்டைக்குள் மாட்டியிருக்கிறது. முதலில் அதைத் திருப்பினால் நூறாண்டு மரம் பிளந்துபோகும். பித்தளைக்குப் பிராசோ போட்டு மினுக்குவதையும், கட்டைக்கு வார்னிஷ் பூசுவதையும் அடியோடு விட்டுவிடுங்கள்.

கண்டியிலும் சுற்றுவட்டாரத்திலும் பணிபுரியும் காப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பொறுப்பிலுள்ள ஒவ்வொரு துப்பாக்கியின் பொறிப்புகளையும் பக்கவாட்டு வெளிச்சத்தில் படமெடுத்து, எழுத்துக்கு எழுத்து பதிவேட்டில் ஏற்றுங்கள். துப்புரவு வேலையை அதற்குப் பிறகு தொடங்குங்கள்.