பாட்டி கேட்ட கிளி மார்க்!

"கிளி மார்க் தீப்பெட்டி வாங்கி வா" என்று பேரனைக் கடைக்கு அனுப்புகிறாள் பாட்டி.

பேரன் இன்னும் பள்ளிக்கூடம் போகாதவன். ஆனாலும் சரியான பெட்டியோடு திரும்புகிறான். அவனுக்கு வழி காட்டியது எது? பெட்டியின் மேல் இருந்த படம்!

சிவகாசி தந்த பாடம்

1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். சிவகாசியில் தொழில் வளர்ந்தது. பெட்டியில் ஒட்ட லேபிள் வேண்டியிருந்தது. அதற்காக அச்சகங்கள் எழுந்தன.

லேபிள் சின்னஞ்சிறு தாள். வாங்குகிறவர்களில் பலருக்குப் படிக்கத் தெரியாது. ஆகவே ஒரே படம், பளிச்சென்ற சில நிறங்கள், பெரிய எழுத்து. இன்று கம்ப்யூட்டரில் வரையும் டிசைனருக்கும் இதுவே பாடம்.

ஆனால் பல கடைக்காரர்கள் செய்வது என்ன? லேபிளில் மயில். பையில் தாமரை. பில் புத்தகத்தில் படமே இல்லை! பணம் செலவாகிறது, பெயர் மனதில் நிற்பதில்லை.

முதலில் கேள்வி

நல்ல டிசைனர் எடுத்தவுடன் படம் போட மாட்டார். கேள்வி கேட்பார். வாங்குகிறவர் யார்? என்னென்ன அச்சடிக்க வேண்டும்? எத்தனை? கையில் உள்ள பணம் எவ்வளவு?

பிறகுதான் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு சின்னம், ஒரு நிறம் என்று முடிவு செய்வார். சின்னத்தைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கிப் பார்ப்பார். கறுப்பு மையில் மட்டும் அடித்துப் பார்ப்பார். அப்போதும் அடையாளம் தெரிந்தால்தான் அது நல்ல சின்னம்.

திரையில் காணும் நிறம் தாளில் அப்படியே வராது. ஆகவே புரூப்பைக் கையில் வாங்கிப் பார்க்காமல் அச்சுக்கு அனுப்பக் கூடாது.

ஏழையின் காசு

"நன்றாக விற்கிறதே, அதைப் போலவே ஒன்று போட்டுக் கொடுங்கள்" என்று கேட்பவர்களும் உண்டு. கிளிக்குப் பதில் வேறொரு பச்சைப் பறவை! இதில் ஏமாறுவது யார்? எழுத்துத் தெரியாத ஏழை. கண் மங்கிய கிழவி. அப்படிக் கேட்பவரிடம் "முடியாது" என்று சொல்வது டிசைனரின் கடமை.

நேர்மையான வியாபாரிக்குச் சட்டம் துணை நிற்கிறது. 1999-ம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டப்படி சின்னத்தைப் பதிவு செய்யலாம். பதிவு 10 ஆண்டு செல்லும். பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம்.

சின்னம் என்பது கடைக்காரர் கொடுக்கும் வாக்கு. அதை நம்பித்தான் பாட்டி பேரன் கையில் காசைக் கொடுத்து அனுப்புகிறாள்!